டெம்பரன்ஸ் என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மாலையில் நூலகத்தில் கூடுவார்கள். நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாள் மாதிரி வினாத்தாள் ஒன்றில் 'டெம்பரன்ஸ்' என்ற சொல்லுக்கு இணைச்சொல் கேட்டிருந்தது. கொடுத்திருந்த நான்கு விடைகளில் மிதத்தைக் குறிக்கும் 'மாடரேஷன்' இருந்தது. அறவே விலக்குவதைக் குறிக்கும் 'அப்ஸ்டினன்ஸ்' என்பதும் இருந்தது. பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். அன்றும் அதன் பிறகும் வந்த கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஐயா, டெம்பரன்ஸ் என்றால் என்ன? ஒரு வரியில் சொல்லுங்கள்.

ஆசைக்கு அளவு வைத்து வாழ்வது. உணவு, குடி, பேச்சு, கோபம் எல்லாவற்றிலும்.

அப்படியானால் மதுவை விடுவது என்று அகராதியில் ஏன் போட்டிருக்கிறது?

அதுவும் சரிதான், ஆனால் அது பின்னால் வந்த பொருள். இந்தச் சொல் 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. அப்போது மிதம், தன்னடக்கம் என்ற பொருளோடுதான் வந்தது. குடி என்ற ஒரே விஷயத்துக்குள் அது சுருங்கியது 19ஆம் நூற்றாண்டில். சுருங்கியதோடு நில்லாமல், 'அளவாகக் குடி' என்ற இடத்திலிருந்து 'தொடவே தொடாதே' என்ற இடத்துக்கும் நகர்ந்துவிட்டது. சொல் அதேதான், பொருள் தலைகீழ். அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன்.

சொல்லின் வேர் எது?

லத்தீனில் 'டெம்பெராரே' என்று ஒரு வினை. தக்க அளவில் கலத்தல், மட்டுப்படுத்தல், அடக்கிவைத்தல் என்று பொருள். இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று பல நாள் யோசித்தேன். விடை குளியலறையில் இருந்தது. கொதிக்கிற வெந்நீரில் தண்ணீர் ஊற்றி, உடம்பு பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவருகிறோமே, அதற்கு நம்மிடம் 'விளாவுதல்' என்ற சொல் இருக்கிறது. லத்தீன் வினையை இதைவிட நெருக்கமாகப் பிடிக்கும் தமிழ்ச் சொல்லை நான் பார்க்கவில்லை. விளாவுகிறவர் வெந்நீரை ஒழிப்பதில்லை. அது குளிக்கத் தக்கதாகும் வரை கலக்கிறார், அவ்வளவுதான்.

பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் திராட்சை மதுவை அப்படியே குடிப்பதை நாகரிகமில்லாத வேலையாக நினைத்தவர்கள். தண்ணீர் கலந்துதான் குடிப்பார்கள். கிரேக்கர்கள் அதற்கென்றே வாய் அகன்ற பெரிய பாத்திரம் வைத்திருந்தார்கள். அதன் பெயர் கிராட்டேர். எரிமலை வாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். ஐரோப்பிய ஓவியங்களில் டெம்பரன்ஸை ஒரு பெண்ணாக வரையும்போது, கையில் இரண்டு குடங்களைக் கொடுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றுவதாகக் காட்டுவது வழக்கம். மதுவில் தண்ணீர் கலக்கிறாள். இந்தச் சொல் பின்னாளில் மதுவுக்கு எதிரான சங்கங்களின் பெயராகப் போகிறது என்று அந்த ஓவியர்களிடம் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

லத்தீனில் அதை ஓர் அறமாக ஆக்கியவர் யார்?

ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டுமானால் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ. கிரேக்கத்தில் 'சோஃப்ரோசினி' என்ற சொல் இருந்தது. தெளிந்த மனம், தன்னை அறிந்த நிதானம் என்பது போன்ற கருத்து. அதற்கு ஈடாக அவர் 'டெம்பெரான்டியா' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அறிவு, நீதி, துணிவு, மிதம் என்று மேலை மரபில் நான்கு தலைமை அறங்கள் எண்ணப்படுகின்றன; அவற்றில் நான்காவது இது. அரிஸ்டாட்டில் இதை இரண்டு எல்லைகளுக்கு நடுவில் வைத்தார். ஒரு பக்கம் ஆசையில் விழுந்து கிடப்பவன், மறுபக்கம் எந்த இன்பமும் உறைக்காத மரக்கட்டை. இரண்டுமே குறை என்பது அவர் முடிவு. மரக்கட்டைக் கட்சியை நம் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தமிழில் இதற்கு ஒரே சொல் உண்டா?

மிதம், நிதானம், அடக்கம், அளவு என்று பல சொற்கள் வரிசையில் நிற்கின்றன. எல்லாமே ஓரளவு பொருந்தும். என்னைக் கேட்டால் 'பதம்' என்பேன். காரணம் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் கவுந்தப்பாடி வட்டாரத்தில் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் காய்ச்சும் ஆலைகள் உண்டு. பழனி மலைக் கோயில் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலிருந்து போகிறது. ஆலைக்குள் போய் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கரும்புச் சாறு கொப்பரையில் கொதிக்கும், சுண்ணாம்பு சேர்ப்பார்கள், அழுக்கு நுரையாக மேலே வரும்போது வழித்து எடுப்பார்கள். பிறகு பாகு கெட்டியாகத் தொடங்கும்போது காய்ச்சுகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். யாரோடும் பேச மாட்டார். ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார். சற்று முன்னால் இறக்கினால் வெல்லம் பிடிக்காது, கசிந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் தாமதித்தால் அடி பிடித்துக் கறுத்துவிடும். வெல்லத்துக்கு ஒரு பதம், நாட்டுச் சர்க்கரைக்கு அதையும் தாண்டிய ஒரு பதம். அந்த நேரத்தில் அடுப்பைத் தணிப்பதும் எரிப்பதும் இரண்டும் அவர் வேலைதான். 'டெம்பெராரே' என்பது இதுதான். தணிப்பது மட்டுமே மிதம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் ஆலைக்குப் போய் வரலாம்.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கிறது. லத்தீன் வினையைக் காலம், பருவம் என்று பொருள்படும் 'டெம்புஸ்' என்ற சொல்லோடு தொடர்புபடுத்துவது சொற்பிறப்பு அறிஞர்களின் வழக்கம். நம் பழந்தமிழிலும் பதம் என்பதற்குச் செவ்வி, ஏற்ற பொழுது என்ற பொருள் உண்டு. உடனே யாரும் லத்தீன் தமிழிலிருந்து பிறந்தது என்று கிளம்ப வேண்டாம். இரண்டு மொழிக்காரர்களும் அடுப்பின் முன் நின்றவர்கள், அவ்வளவுதான் உறவு.

'மட்டு' என்று சொன்னால் ஆகாதா?

ஆகும். அதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மட்டு என்றால் அளவு, எல்லை. 'மட்டுமீறிப் போகாதே' என்கிறோம். அதே எழுத்தில் இன்னொரு மட்டு உண்டு. பழைய இலக்கியத்தில் அதற்குக் கள் என்றும் தேன் என்றும் பொருள். மிதத்துக்கும் கள்ளுக்கும் ஒரே ஒலி வைத்திருக்கும் மொழியில் டெம்பரன்ஸைப் பற்றி எழுதுவது தனிச் சுகம்.

செல்போனுக்கு ஒட்டும் டெம்பர் கிளாஸும் இதே சொல்லா?

அதே குடும்பம். காந்திபுரத்தில் எந்த செல்போன் கடையிலும் 'டெம்பர் போடட்டுமா?' என்று கேட்பார்கள். சூடு கொடுத்தும் குளிர வைத்தும் உறுதியாக்கிய கண்ணாடி என்பது பெயரின் பொருள்.

ஆனால் இந்தச் சொல்லின் பழைய வீடு கண்ணாடியல்ல, எஃகு. காய்ச்சிய அரிவாளைத் தண்ணீரில் முக்கினால் கடினமாகும். ஆனால் கண்ணாடி போல் உடையவும் செய்யும். அதனால் மறுபடியும் இளஞ்சூட்டில் வாட்டுவார்கள். வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு நீலம் என்று இரும்பின் மேல் நிறம் ஓடும். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதில்தான் கொல்லரின் கை இருக்கிறது. கூர்மையும் வேண்டும், ஒடியவும் கூடாது. நம் பட்டறைகளில் இதற்குத் தோய்ச்சல் என்று பெயர். தயிர் தோய்ப்பதும் அதே வினைதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அங்கும் உறை மோர் கூடினால் புளிக்கும், குறைந்தால் பாலாகவே நிற்கும்.

இதைச் சொல்ல கொங்கு நாட்டுக்கு உரிமை கொஞ்சம் அதிகம். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் தோண்டியபோது, சங்க காலத்து மக்கள் இரும்பு உருக்கிய உலைகளும் எஃகு செய்த தடயங்களும் கிடைத்தன. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று பாடும் ஊர் அதுதான் என்பார்கள். அங்கே மணிக்கற்களைப் பட்டை தீட்டியவர்களும் இருந்தார்கள்.

குடும்பத்தில் வேறு யார் யார்?

டெம்பரேச்சர் எல்லோருக்கும் தெரியும். சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பர், வண்ணப்பொடியைத் தண்ணீரிலும் பசையிலும் கலந்தது என்ற பொருளில் வந்தது. முட்டைக் கருவில் வண்ணம் கலந்து தீட்டும் முறைக்கு டெம்பெரா என்று பெயர். நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போடுகிறோமே, அந்த நோயின் பெயரும் டிஸ்டெம்பர். அங்கே பொருள் 'கலவை கெட்டது'. சமையல் எழுதும் இந்திய ஆங்கிலத்தில் தாளிப்புக்கு டெம்பரிங் என்று சொல்கிறார்கள். கடுகு வெடிக்கும் நொடிக்கும் கருகும் நொடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தெரிந்தவர்கள் அந்தப் பெயரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

குணத்தைக் குறிக்கும் டெம்பரமென்ட் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு நீர்களின் கலவைதான் மனிதனின் குணம் என்று பழைய ஐரோப்பிய மருத்துவம் நம்பியது. கலவை சரியாக இருந்தால் நலம், பிசகினால் நோய். வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் முதல் குறளில் 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்று வளி முதலான மூன்றைச் சொல்வதும் இதே வழிதான். அவர்கள் நான்கு எண்ணினார்கள், நாம் மூன்று எண்ணினோம்.

டெம்பர் என்றால் கோபம் அல்லவா?

இன்றைக்கு அப்படித்தான் ஆகிவிட்டது. ஆனால் ஆங்கிலத்தில் கோபப்பட்டவனை 'டெம்பரை இழந்தான்' என்றுதான் சொல்வார்கள். டெம்பர் கோபமாக இருந்தால், அதை இழந்தவன் சாந்தமாக அல்லவா ஆகியிருக்க வேண்டும்? அவன் இழந்தது மனத்தின் சமநிலையை. பழைய பொருள் அந்தத் தொடருக்குள் உறைந்து நிற்கிறது.

மிதம் எப்படி முழு மறுப்பாக மாறியது?

1826இல் அமெரிக்காவின் பாஸ்டனில் டெம்பரன்ஸ் பெயரால் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் எதிரி முதலில் காய்ச்சி வடித்த சாராய வகைகள்தான். பீரும் திராட்சை மதுவும் அளவாகக் குடிப்பதை அது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதாவது பெயருக்கு ஏற்ற நடத்தை. பத்தே ஆண்டுகளில் காற்று மாறி, எதையும் தொடாதே என்ற உறுதிமொழி முன்னால் வந்துவிட்டது.

இங்கிலாந்தில் அந்த மாற்றம் நடந்த ஊர் கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பழகிய ஊர் மாதிரி இருக்கும். லங்காஷயரில் பிரெஸ்டன், பஞ்சாலை நகரம். அங்கே ஜோசப் லிவ்சே என்பவரும் வேறு ஆறு பேரும் 1832 செப்டம்பர் 1 அன்று போதை தரும் எதையும் குடிப்பதில்லை என்று கையெழுத்திட்டார்கள். அடுத்த ஆண்டு அதே ஊர்க் கூட்டத்தில் ரிச்சர்ட் டர்னர் என்ற தொழிலாளி, பாதி மறுப்பெல்லாம் போதாது, 'டீ-டோட்டல்' மறுப்புத்தான் வேண்டும் என்று முழங்கினார். அவருக்குத் திக்குவாய், 'டோட்டல்' என்பதுதான் அப்படி வந்தது என்று ஒரு கதை. சொல்லின் முதல் எழுத்தை இரட்டித்து அழுத்தம் கொடுத்தார் என்று இன்னொரு விளக்கம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். குடிக்கவே குடிக்காதவரை ஆங்கிலத்தில் 'டீடோட்டலர்' என்பது இதிலிருந்து. தேநீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டீக்கடையில் உட்கார்ந்து எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. டர்னரின் கல்லறையிலேயே அந்தச் சொல்லின் ஆசிரியர் என்று பொறித்திருக்கிறார்கள். ஒரே ஒரு சொல்லுக்காகக் கல்வெட்டுப் பெற்றவர்!

பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் தறியோடு நின்றவர்களின் வாரக் கூலி சனிக்கிழமை இரவோடு மதுக்கடையில் போய்க்கொண்டிருந்தது. அந்த வீடுகளில் 'அளவாகக் குடி' என்ற அறிவுரைக்கு விலை இல்லை. சொல்லின் பொருளை மாற்றியது பசி என்பதை மறந்துவிட்டு அகராதியை மட்டும் வைத்துச் சண்டை போடக் கூடாது.

கொங்கு நாட்டில் டெம்பரன்ஸ் இயக்கம் இருந்ததா?

இருந்தது, ஆனால் தமிழில் அதன் பெயர் மதுவிலக்கு. பெயரிலேயே மிதம் கிடையாது, விலக்குதான். அந்த வகையில் நாம் ஆங்கிலேயரைவிட நேர்மையாகப் பெயர் வைத்தோம்.

1921இல் ஒத்துழையாமை நாட்களில் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. அப்போது காங்கிரஸில் இருந்த ஈ.வெ.ராமசாமி, சேலம் தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். அவர் சிறை சென்ற பிறகு மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும் மறியலைத் தொடர்ந்தார்கள். போராட்டத்தை நிறுத்தலாமா என்று கேட்டபோது, அது என் கையில் இல்லை, ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக ஈரோட்டுக்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். தென்னை வைத்து வளர்த்தவன் வீட்டில் பிறந்தவன் நான். வெட்டிய மரங்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும். லத்தீன் பொருளில் அது டெம்பரன்ஸ் அல்லவே அல்ல. பிரெஸ்டன் பொருளில் அதைவிடப் பெரிய டெம்பரன்ஸ் கிடையாது.

அடுத்து ராஜாஜி. 1925இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற இதழும் அங்கிருந்து வந்தது. அதில் பணியாற்றியவர் கல்கி. சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானதும், 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இன்றைய நாமக்கல்லும் அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான். கள், சாராய வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939இல் பொது விற்பனை வரி வந்தது. கடை பில்லில் வரியைப் பார்த்து முணுமுணுக்கும் யாருக்கும், அதன் தாத்தா சேலத்துக் கள்ளுக்கடை என்பது நினைவிருப்பதில்லை.

பிற்பாடு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: 1948இல் மாகாணம் முழுவதும் விலக்கு, 1971இல் தளர்வு, 1974இல் மீண்டும் விலக்கு, 1983இல் டாஸ்மாக், 2003இல் சில்லறைக் கடைகளும் அரசு கையில். ஒரே மாநிலம் ஐம்பத்தைந்து ஆண்டு இடைவெளிக்குள் எல்லா எல்லைகளையும் தொட்டுவிட்டது. நடுவில் நின்றதாக எனக்கு நினைவில்லை.

மாடரேஷன், சோபர், அப்ஸ்டினன்ஸ் எல்லாம் ஒன்றா?

இல்லை. மாடரேஷனின் வேர் 'மோடுஸ்', அதாவது அளவு. சோபர் என்றால் போதையில்லாத நிலை. அப்ஸ்டினன்ஸ் என்றால் கையைத் தள்ளி வைத்துக்கொள்வது, முழு விலகல். டெம்பரன்ஸ் அளவோடு கலவையையும் சேர்த்துச் சொல்வது.

தமிழ் வேதாகமத்தில் எப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள்?

கலாத்தியர் நிருபத்தில், 1611ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்பு டெம்பரன்ஸ் என்று போட்ட இடத்தில் தமிழில் 'இச்சையடக்கம்' என்று இருக்கிறது. நல்ல சொல். மூலக் கிரேக்கச் சொல் தன்னைத் தான் ஆளுவதைக் குறிப்பதால் அந்த இடத்துக்கு மிகப் பொருத்தம்.

கோயம்புத்தூர் டெம்பரேட் தட்பவெப்பம் உள்ள ஊர்தானே?

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தரும் பெருமையில் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். புவியியல் ஆசிரியர் ஒப்புக்கொள்ள மாட்டார். மிதவெப்ப மண்டலம் கடகரேகைக்கு வடக்கே தொடங்குகிறது. நாம் 11 பாகையில் இருக்கிறோம்.

வினாத்தாளில் எந்த விடையைக் குறிப்பது?

மாடரேஷன். பத்தி ஒன்றைக் கொடுத்து, அது 19ஆம் நூற்றாண்டு மதுவெதிர்ப்புச் சங்கங்களைப் பற்றியதாக இருந்தால் மட்டும் அப்ஸ்டினன்ஸ். இரண்டையும் ஒரே கேள்வியில் விடையாகக் கொடுத்தவர் செய்தது தவறு. அதற்கு நீங்கள் பொறுப்பல்ல.

தெளுவு குடிப்பவரை டீடோட்டலர் எனலாமா?

தாராளமாக. மற்ற ஊர்க்காரர்களுக்கு: பதநீரை எங்கள் பக்கம் தெளுவு என்போம். பானைக்குள் சுண்ணாம்பு தடவி இறக்கினால் புளிக்காது, அது தெளுவு. தடவாமல் விட்டால் அதே மரத்தின் அதே நீர் கள்ளாகிவிடும்; அதற்கு 1987 முதல் தடை இருக்கிறது, அந்தத் தடையை நீக்கக் கேட்டு எங்கள் உழவர்கள் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். விடியற்காலையில் இறக்கியதை அப்போதே குடித்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு யாராவது கொண்டுவந்தால், வாங்கும் முன் ஒரு முறை முகர்ந்து பாருங்கள்.